பச்சைப் பையைத் தின்றது யார்?

அத்தியாயம் 4

காவ்ஷியுங் நகரத்தில் அந்த ஆகஸ்ட் திங்கட்கிழமை வெயில் எப்படி அடித்தது என்றால், ஸ்கூட்டர் சீட்டில் முட்டையை வைத்தால் ஒரு பக்கம் ஆம்லெட்டாகும், மறுபக்கம் குஞ்சு பொரிக்கும். அப்படிப்பட்ட சீட்டில்தான் துப்பறியும் பி-யுன் முகம் சுளிக்காமல் உட்கார்ந்து வந்தாள்.

பி-யுனுக்கு ஐம்பத்தைந்து வயது, நூற்றுநான்கு கிலோ எடை. இரண்டாவதை அவளே விசிட்டிங் கார்டில் அச்சடித்து வைத்திருந்தாள். பெயர், போன் நம்பர், எடை. முதுகுக்குப் பின்னால் பேச யாருக்கும் எதையும் மிச்சம் வைப்பதில்லை என்பது அவள் கொள்கை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபத்தாறு வருடம் பொய் விபத்துகளைப் பிடித்துவிட்டு, இப்போது சொந்தக் கடை போட்டிருக்கிறாள்.

வண்டியை ஓட்டி வந்த உதவியாளன் ஆ-காங்குக்கு முப்பத்தெட்டு வயது. பக்கவாட்டில் திரும்பினால் ஆளைக் காணவில்லை என்று போலீசில் புகார் கொடுக்க வேண்டியதுதான். ஸ்கூட்டர் அவனுடையது. கைப்பிடிக்குக் கீழே ரப்பர் பேண்டு போட்டு ஒரு பச்சைப் பை தின்பண்டத்தைக் கட்டியிருந்தான்.

"அக்கா, இறங்குறப்போ பையில முட்டி படாம இறங்குங்க. அது வந்ததுலேர்ந்து வண்டி ஒரு தடவைகூட நிக்கல."

"பெட்ரோல் போட்டா நிக்காது. பை எதுக்குடா?"

"பெட்ரோல் வண்டிக்கு. பை வண்டியோட மனசுக்கு."

இந்த ஊரில் எந்த இயந்திரத்தின் தலையைப் பார்த்தாலும் அந்தப் பச்சைப் பை இருக்கும். சமர்த்தாக இரு என்று பெயர் அச்சடித்த, தேங்காய் வெண்ணெய் மணக்கும் சோளப் பண்டம். வங்கிக் கம்ப்யூட்டர், டிக்கெட் மிஷின், லிஃப்ட் எல்லாம் அதற்குப் பயந்துதான் ஒழுங்காக ஓடுகின்றன. பை பச்சையாகவே இருக்க வேண்டும், கெடும் தேதி தாண்டக் கூடாது, அதை யாரும் தின்னக் கூடாது. சாலை விதிகளைக் காற்றில் பறக்கவிடும் ஜனங்கள் இந்த மூன்றையும் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுவார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி வெயிலில் நின்றுகொண்டிருந்தான். அவனுடைய நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அந்த ஒரு காட்சியிலேயே பி-யுனுக்கு அவளைப் பிடித்துவிட்டது. பெயர் சியூ-லான். சந்தை முனையில் காலை நேர முட்டை தோசைக் கடை. நூற்றுப்பன்னிரண்டு கிலோ.

"போன்ல பாதி சொன்னீங்க. மீதியைச் சொல்லுங்க" என்றாள் பி-யுன்.

"ஒன்பதாவது மாடியில புது மருந்து சோதனை அக்கா. குண்டா இருக்கிறவங்க எட்டு பேர் ரெண்டு வாரமா அங்கயே தங்கியிருக்கோம். நான் நாலாம் நம்பர். என் தம்பி ஷி-காய் அஞ்சாம் நம்பர். குடல்ல ஒரு ஹார்மோன் இருக்காம். வயிறு நிறைஞ்சாச்சுன்னு மூளைக்குத் தந்தி அடிக்குமாம். அதை ஊசியில அடைச்சுக் குத்துறாங்க."

"எத்தனை கிலோ குறைஞ்சுது?" என்று கேட்டான் ஆ-காங்.

"அது இப்போ கணக்கில்ல தம்பி. உடம்பு எவ்வளவு தாங்குதுன்னுதான் பார்க்கிறாங்க. குமட்டல், வாந்தி, தலைசுத்தல், பசி, ஒவ்வொண்ணுக்கும் தினமும் நோட்டுல பத்துக்கு இத்தனைன்னு மார்க் போடணும். வாரம் ஒரு ஊசி, ஒவ்வொரு வாரமும் அளவு கூடும். மாடிப்படி மாதிரி. ரெண்டு படி ஏறியாச்சு. மூணாவது படி இன்னிக்கு மூணு மணிக்கு."

"அப்போ நீங்க ஏன் கீழ உட்கார்ந்திருக்கீங்க?"

சியூ-லான் மூக்கை உறிஞ்சினாள். அழுகை இல்லை, ஆத்திரம்.

"சனிக்கிழமை மருந்து ஃபிரிட்ஜ் மேல இருந்த பச்சைப் பை காணாமப் போச்சு. வெறும் உறை எங்க வார்டு குப்பைத் தொட்டியில கிடைச்சுது. டாக்டர் குவான் எட்டு பேரையும் வரிசையா நிக்க வெச்சு நோட்டைப் புரட்டினார். பசிக்குதுன்னு எழுதினது நான் ஒருத்திதான். அப்போ திருடி இவதான்னுட்டார். இருபது வருஷமா டாக்டருங்ககிட்ட போறேன் அக்கா. காதுவலின்னு போனா எடையைக் குறைன்னாங்க. கையில தேள் கொட்டியிருந்தாலும் எடையைக் குறைன்னுதான் சொல்லியிருப்பாங்க. முதல் தடவையா ஒரு மருந்து, இது உன் நாக்கோட கொழுப்பு இல்ல, உள்ள ஓடுற ஹார்மோன்னு சொல்லுது. அதுக்கு என் உடம்பைக் கொடுக்க நானா வந்தேன். அங்கயும் எனக்குத் திருட்டுப் பட்டம். எதுக்கு? முப்பத்திமூணு துண்டு சோளப் பண்டத்துக்கு."

பி-யுனின் புருவம் ஒரு நூல் உயர்ந்து இறங்கியது.

"ரெண்டு ஊசிக்கு அப்புறமும் அவ்வளவு பசியா?"

"கட்டில் காலைக் கடிச்சிடுவேனோன்னு பயந்து கையைக் கட்டிக்கிட்டுத் தூங்கினேன்."

"குமட்டல்?"

"ஒரு ஏப்பம்கூட இல்ல."

"உங்களுக்கு என்ன வேணும்?"

"என் நம்பர் வேணும். நாலாம் நம்பர். மன்னிச்சு உள்ள விட்டா வேண்டாம். நிமிர்ந்து போகணும்."

"சரி, வாங்க" என்றாள் பி-யுன். தடுக்க வந்த காவலாளியிடம் சியூ-லானைக் காட்டி, "இவங்க என் உதவியாளர்" என்றாள். ஆ-காங்கைக் காட்டி, "இது உதவியாளரோட குடைக்கம்பி" என்றாள்.

ஒன்பதாவது மாடியில் டாக்டர் குவான் வரவேற்ற விதத்தில் ஏசியையே அணைத்துவிடலாம். அவ்வளவு குளிர்ச்சி.

"நோயாளிகளோட விஷயத்துல வெளியாள் தலையிட முடியாது மேடம்."

"நோயாளியைப் பத்தி நான் ஒண்ணும் கேக்கல டாக்டர். தின்பண்டத்தைப் பத்திதான் கேக்குறேன். திருட்டுன்னு சொன்னது நீங்க. சாட்சிப் பொருளைக் காட்டுங்க. இல்லாட்டி இவங்க பேரைக் கெடுத்ததுக்கு வக்கீலோட வருவோம்."

டாக்டர் மேஜை டிராயரைத் திறந்து, பிளாஸ்டிக் கவரில் போட்டிருந்த பச்சை உறையை எடுத்து வைத்தார். "ஒரு பைக்காக நான் யாரையும் அனுப்பல. சோதனையில இருக்கிறவங்க வெளிப் பண்டம் தின்னக் கூடாது, அதுதான் விதி. இந்தப் பை விவகாரமெல்லாம் மூடநம்பிக்கை."

அவருடைய கம்ப்யூட்டர் மேல் ஒரு குட்டிப் பச்சைப் பை நின்றிருந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

"அது முன்னாடியே இருந்தது" என்றார் டாக்டர்.

"சோதனை எப்படிப் போகுது?" என்று பி-யுன் கேட்டதுதான் தாமதம், அவர் முகத்தில் தீபாவளி வாணம் வெடித்தது.

"இதே மருந்துக்கு மத்த நாடுகள்ல பாதிப் பேர் முதல் படியிலயே வாந்தி எடுத்தாங்க. இங்க எட்டு பேருக்குமே அசல் மருந்துதான், ஆனா குமட்டல் பூஜ்யம். வாந்தி பூஜ்யம். எங்க ஊர் வயிறு இரும்பு வயிறு மேடம்."

"அதே இரும்பு வயித்துக்குத்தான் பசி ஒன்பது போட்டேன்" என்றாள் சியூ-லான். டாக்டர் காதில் விழாத மாதிரி கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டு.

மருந்து அறையைக் காட்ட வந்தவர் ஓயாங். மருந்துகளுக்குப் பொறுப்பாளர். சட்டைப் பையில் நான்கு பேனா, நான்கும் ஒரே உயரத்தில் நிற்கும். அறையில் பதினோரு மிஷின்கள், பதினோரு பச்சைப் பைகள். எல்லாம் பெயர் தெரிகிற பக்கம் முன்னால் பார்க்க, பள்ளிக்கூடப் பிரார்த்தனை வரிசை மாதிரி நின்றன.

"அழகா வெச்சிருக்கீங்க" என்றாள் பி-யுன்.

ஓயாங் குழைந்தார். "ஜூன் ஒண்ணாம் தேதி இந்தப் பிரிவைத் திறந்தாங்க மேடம். ஒரே அட்டைப்பெட்டியில வாங்கி, ஊதுபத்தி ஏத்தி, பதினொண்ணையும் என் கையால வெச்சேன். அதுலேர்ந்து ஒண்ணைக்கூட அசைக்கல. சனிக்கிழமை இந்த ஃபிரிட்ஜ் பை போனப்போ எனக்கு உயிரே போச்சு. நேத்து புதுசு வெச்ச பிறகுதான் சோறு இறங்கிச்சு."

பி-யுன் ஒவ்வொரு பையையும் பின்புறம் குனிந்து பார்த்துக்கொண்டே போனாள். பிறகு ஆ-காங்கையும் சியூ-லானையும் வராந்தாவுக்கு இழுத்து வந்து, சாட்சி உறையை ஆ-காங் கையில் கொடுத்தாள்.

"செய்த தேதியைப் படி."

"ஜூலை பன்னிரண்டு."

"உள்ள இருக்கிற பழைய பத்தும் ஏப்ரல் ஒன்பது. ஜூன்ல வெச்ச பை ஜூலையில பிறக்குமா?"

"எங்க அப்பா எனக்கு எடுத்த பிறப்புச் சான்றிதழ் அப்படித்தான் இருக்கு அக்கா."

"உன் விஷயத்தை அப்புறம் விசாரிக்கிறேன். யாரோ ஃபிரிட்ஜ் பையை நடுவுல மாத்தியிருக்காங்க. ஏப்ரல் பைக்குக் கெடும் தேதி இன்னும் வரல. கெடாத பையை எதுக்கு மாத்துவ?"

ஆ-காங்கின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லக் காணாமல் போனது. இந்த ஊரில் வண்டி வைத்திருக்கிறவனுக்கு இதைவிடச் சுலபமான கேள்வி கிடையாது. "மிஷின் நின்னாத்தான். காவலை விட்ட பையை மறுபடி எவன் வெப்பான்? என் பழைய பையை நானே கண்காணாத இடத்துல போட்டுட்டு வந்தேன்."

"ஆக, ஃபிரிட்ஜ் நின்னிருக்கு. ஜூலை பன்னிரண்டுக்கு அப்புறம்."

"ஆகஸ்ட் ஒண்ணுலேர்ந்து மூணு நாள் புயல் லீவு" என்றாள் சியூ-லான். "ஊரே கரண்ட் இல்லாம கிடந்துச்சு. நாலாம் தேதி எங்களுக்கு முதல் ஊசி."

பி-யுன் உறையை வாங்கிக் கவருக்குள் திரும்பப் போட்டாள்.

"சூட்டுல வெந்து செத்த மருந்தை ரெண்டு வாரமா உங்க எல்லார் வயித்துலயும் குத்தியிருக்காங்க. அதான் வாந்தி இல்ல. அதான் பசி. இன்னிக்கு மூணாவது படிக்கு மருந்து எங்கேர்ந்து?"

"நேத்து ஐஸ்பெட்டியில வந்துச்சுன்னு தம்பி போன்ல சொன்னான். புதுப் பெட்டி." சியூ-லானின் குரல் தேய்ந்தது. "அது உயிரோட இருக்கும். முதல் படியைவிட ஆறு மடங்கு. ஒவ்வொரு படியிலயும் உடம்பைப் பழக்கித்தான் ஏத்தணும்னு டாக்டரே சொன்னார். பழகாத உடம்புல ஏத்தினா நாள்கணக்குல வாந்தி நிக்காது, தண்ணி வத்தி சலைன் ஏத்தணும்னு சொன்னார். அக்கா, ஷி-காயும் அந்த வரிசையில இருக்கான்."

மணி இரண்டு இருபத்தைந்து.

டாக்டர் குவான் முழுவதையும் கேட்டார். ஃபிரிட்ஜ் நோட்டை வரவழைத்தார். புயல் நாள் மூன்றிலும் நான்கு டிகிரி, நான்கு டிகிரி, நான்கு டிகிரி என்று முத்து முத்தாக எழுதியிருந்தது.

"புயல்லயும் வந்து பார்த்து எழுதினேன் டாக்டர்" என்றார் ஓயாங், தரையைப் பார்த்து.

"கேட்டீங்களா? நோட்டு இருக்கு. ஒரு தின்பண்ட உறையைக் காட்டி ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்றீங்களே மேடம். நாளைக்கு நான் கூட்டத்துல எழுந்து நின்னு என்ன சொல்லட்டும்? சோளப் பொரி சாட்சி சொல்லிச்சுன்னா?"

"வேண்டாம். பொரி பேசாது" என்றாள் பி-யுன். "ஆ-காங், வண்டிச் சாவியைக் கொடு. விசிறியை மறந்துட்டேன், எடுத்துட்டு வரேன்."

"நான் போறேன் அக்கா."

"நீ காத்துல பறந்துடுவ. கொடு."

திரும்பி வந்தபோது அவள் விட்ட மூச்சில் நோட்டீஸ் போர்டு காகிதங்கள் படபடத்தன. கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி நேராக மருந்து அறைக்குள் நுழைந்து, அதே வேகத்தில் வெளியே வந்து, வார்டுக்குப் போனாள். எல்லாரும் பின்னாலேயே ஓடினார்கள்.

வார்டில் ஏழு பேர் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டித் தயாராகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் தட்டில் ஏழு ஊசிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மணி இரண்டு ஐம்பது.

பி-யுன் நடுவில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் கையில் ஒரு பச்சைப் பை. அதன் இரண்டு காதையும் பிடித்து டர்ரென்று கிழித்தாள். தேங்காய் வெண்ணெய் வாசனை எழுந்து, பதினான்கு கண்கள் விரிந்தன. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக் கடித்தாள். அந்தச் சத்தம் துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும்.

"மேடம், இது ஆஸ்பத்திரி" என்றார் டாக்டர், எரிச்சலோடு.

பி-யுன் இரண்டாவது துண்டை எடுத்தாள். ஓயாங்கின் முகம் சுண்ணாம்பானது. மூன்றாவது துண்டு வாய்க்குப் பக்கத்தில் போகும்போது அவர் பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். நான்கு பேனாக்களும் தரையில் சிதறின.

"தின்னாதீங்க. கும்பிட்டுக் கேக்குறேன், வெச்சிடுங்க. ஃபிரிட்ஜ் மறுபடியும் நின்னுடும்."

நர்ஸ் ஊசித் தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மறுபடியுமா?" என்றாள் பி-யுன், மென்றுகொண்டே. "இதுக்கு முன்னாடி எப்போ நின்னுச்சு ஓயாங் சார்?"

ஓயாங் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "புயலுக்கு முந்தின நாள் மத்தியானம். டிபன் டப்பாவைச் சூடு பண்ண வேற பிளக் காலியா இல்ல. ஜெனரேட்டர்ல ஓடுற சிவப்பு பிளக்லேர்ந்து ஃபிரிட்ஜைக் கழட்டி, என் குக்கரை மாட்டினேன். திரும்ப மாட்ட மறந்துட்டேன். மூணு நாள். திங்கட்கிழமை விடிகாலையில வந்து கதவைத் திறந்தா அடுப்புக்குள்ள கையை விட்ட மாதிரி இருந்துச்சு."

"என்ன பண்ணினீங்க?" டாக்டரின் குரல் இறங்கியிருந்தது.

"பழைய பையை எடுத்துட்டுப் புதுப் பை வெச்சேன் டாக்டர். அது பார்த்துக்கும்னு."

"ஃபிரிட்ஜுக்கு வெச்ச. மருந்துக்கு யார் வெப்பா?" என்றார் டாக்டர்.

ஓயாங் குனிந்து பேனாக்களைப் பொறுக்க ஆரம்பித்தார். அவர் நர்ஸின் கையிலிருந்த தட்டை டாக்டர் தானே வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். ஆனாலும் அந்த அழகான பூஜ்யங்களை விட மனசு வரவில்லை. நோட்டுகளைத் தூக்கிக் காட்டினார்.

"மருந்து செத்துப்போச்சுன்னா பசிச்சிருக்கணுமே. ஏழு பேர் பசி இல்லன்னு எழுதியிருக்காங்களே. என்னய்யா இது?"

ஏழு பேரும் ஏழு பக்கம் பார்த்தார்கள். கடைசியில் ஷி-காய் தலையைச் சொறிந்தான். "நர்ஸம்மா தினமும் எவ்வளவு ஆசையா வந்து கேப்பாங்க டாக்டர். பசி இல்லைன்னு சொன்னா அவங்க முகம் அப்படி மலரும். பாவம், அவங்களை ஏமாத்த மனசு வரல."

"அவங்களை ஏமாத்தாம ஆராய்ச்சியை ஏமாத்தினீங்க" என்றான் ஆ-காங்.

"எனக்கு நல்லாப் பசிச்சுது" என்று முணுமுணுத்தார் எட்டாம் நம்பர். "அந்த நாலு துண்டு எந்த மூலைக்கு?"

"எந்த நாலு துண்டு?" என்றார் டாக்டர்.

எட்டாம் நம்பர் வாயைப் பொத்திக்கொண்டார். அப்போது சியூ-லான் முன்னால் வந்து வார்டின் நடுவில் நின்றாள்.

"பையைத் தின்னது நான்தான் டாக்டர்."

ஆ-காங்கின் தாடை மார்பைத் தொட்டது. பி-யுன் மட்டும் அசையாமல் அடுத்த துண்டைக் கடித்தாள்.

"சனிக்கிழமை அந்த அறைக் கதவு திறந்து கிடந்துச்சு. போய் எடுத்துட்டு வந்தேன். முப்பத்திமூணு துண்டு. ஆளுக்கு நாலு, எனக்கு அஞ்சு. சத்தம் வரக் கூடாதுன்னு எல்லாரும் ஊறவெச்சுத் தின்னோம்."

"உனக்கு மட்டும் அஞ்சா?" என்றார் எட்டாம் நம்பர்.

"எடுத்துட்டு வந்தது யாரு?" அவரை ஒரு பார்வையில் உட்கார வைத்துவிட்டு, சியூ-லான் டாக்டரிடம் திரும்பினாள். "அன்னிக்கு இல்லைன்னு சொன்னேன். வெக்கத்துல சொன்னேன். இப்போ வெக்கம் இல்ல. எனக்கு ஊசி போட்டு, பசிக்காதுன்னு சொன்னீங்க. பசிச்சுது. ஒன்பதுன்னு எழுதினேன். மறுநாளும் ஒன்பது. பன்னிரண்டு நாள் எழுதினேன் டாக்டர், எட்டு பேர்ல உண்மையை எழுதினவ நான் ஒருத்தி. நீங்க நோட்டைத் திறந்தீங்க, ஆனா படிச்சது என் இடுப்பைத்தான். அதுல திருடின்னு எழுதியிருந்துச்சு உங்களுக்கு. அந்த ஒன்பதைப் படிச்சிருந்தா அன்னிக்கே ஃபிரிட்ஜைப் போய்ப் பார்த்திருப்பீங்க. நான் விதியை மீறினேன், ஆமா. அதை எழுதிக்கோங்க, மறைக்க மாட்டேன். ஆனா என் தம்பியை இன்னிக்குக் காப்பாத்தினது அந்த முப்பத்திமூணு துண்டுதான். அதையும் பக்கத்துலயே எழுதுங்க."

டாக்டர் குவான் நாலாம் நம்பர் நோட்டை எடுத்தார். நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பக்கமாக, விரலை வைத்து. பன்னிரண்டாவது பக்கம் முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"மருந்து கம்பெனிக்கு நானே போன் பண்றேன். எல்லாத்தையும் சொல்றேன். அனுமதி கிடைச்சா, புதுசா முதல் படியிலேர்ந்து." கொஞ்சம் தயங்கினார். "நாலாம் நம்பர் கட்டில் காலியாத்தான் இருக்கு."

"தலையணை உறையை மாத்தச் சொல்லுங்க" என்றாள் சியூ-லான், போய் உட்கார்ந்துகொண்டு.

லிஃப்டில் ஆ-காங்குக்கு வாய் தாங்கவில்லை. "அவங்கதான் தின்னாங்கன்னு உங்களுக்கு எப்போ தெரியும்?"

"வாசல்லயே. முப்பத்திமூணு துண்டுன்னாங்களே. பையைப் பிரிக்காம எவ எண்ணுவா?"

"தெரிஞ்சேவா கேஸை எடுத்தீங்க?"

"தின்னாங்களான்னு கேக்க நான் வரலடா. பசி ஏன் வந்துச்சுன்னு கேக்கத்தான் வந்தேன். அதை யாருமே கேக்கல பாரு."

வெளியே வெயில் அப்படியே இருந்தது. ஆ-காங் சாவியைத் திருகினான். வண்டி ஒரு முறை இருமியது. மறுபடி திருகினான். அதுவும் இல்லை. குனிந்து பார்த்தவன் சிலையானான். கைப்பிடிக்குக் கீழே வெறும் ரப்பர் பேண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா. அங்க நீங்க தின்னது..."

"உன்னுதுதான். ஃபிரிட்ஜ் பை அதே இடத்துல பத்திரமா இருக்கு."

"அதைத் தின்னிருக்கக் கூடாதா?"

"உனக்கென்ன பைத்தியமா? உள்ள எட்டு பேரோட மருந்து இருக்கு" என்றாள் பி-யுன், பயந்துபோன குரலில். பிறகு கைப்பையை மாட்டிக்கொண்டு, முந்தானை இல்லாத குறைக்குச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, ஸ்கூட்டரின் பின்புறத்தில் இரண்டு உள்ளங்கையையும் வைத்தாள். அவள் தள்ளிய தள்ளில் இரண்டு சிக்னலைத் தாண்டித்தான் ஆ-காங்கால் பிரேக் பிடிக்க முடிந்தது.

பதினைந்து நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, பி-யுனின் போனுக்கு ஒரு படம் வந்தது. நாலாம் நம்பர் நோட்டின் ஒரு பக்கம். கையெழுத்து கோணல்மாணலாக, ஆனால் அழுத்தமாக இருந்தது.

குமட்டல்: ஏழு. வாந்தி: இரண்டு தடவை. பசி: பூஜ்யம். நர்ஸம்மா முகம் வாடினாலும் இதுதான் உண்மை.

அதற்குக் கீழே, ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும், வேறு ஒருவரின் சிவப்பு மையில் சின்னதாக ஒரு டிக் இருந்தது.